இரசாயனவியல் பிறந்தநாள் பலகை: பள்ளிக்கூடச் சுவரில் ஒரு வருடம் ஓட வைப்பது எப்படி

முதல் வருடம் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அதைச் செய்யாமல் விட்டாலே உங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிற ஆள் நான். ஒரு ஜனவரியில் ஆர்வம் தாங்காமல், இணையத்தில் கிடந்த ஏதோ ஒரு பட்டியலை இறக்கி, ஐம்பது விஞ்ஞானிகளின் படம், பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி எல்லாவற்றையும் பிரிஸ்டல் போர்டில் ஒட்டி ஆய்வுகூடத்துக்கு வெளியே சுவரில் மாட்டினேன். பார்க்க நல்ல வடிவாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளையும் வாசிக்கவில்லை. தாடி வைத்த ஐம்பது வெள்ளைக்காரர்கள் வரிசையாக முறைத்துக்கொண்டு நிற்கிற சுவரை யார்தான் நின்று வாசிப்பார்கள்? பெப்ரவரியில் ஒரு மாணவி வந்து, "சேர், மென்டலீவ்ட பிறந்தநாள் பிழையா இருக்கு" என்று சொன்னாள். அந்த வருடம் முழுக்க அந்தப் பலகைக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான். நவம்பர் மழையில் மார்க்கர் மை கரைந்து, ஐம்பது பேரும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். இப்போது சுவரில் ஒரு நேரத்தில் ஒரு அட்டைதான் இருக்கும், அதிகம் போனால் இரண்டு. ஒரு அட்டை ஒரு கிழமைக்கு. வருடத்துக்கு 25, 30 அட்டை போதும். எல்லாக் கிழமைக்கும் ஆள் பிடிக்க வெளிக்கிட்டால் கடைசியில் உங்களுக்கே யாரென்று தெரியாத ஆட்களை ஒட்ட வேண்டி வரும்.

அட்டையில் என்ன எழுதுவது

இதுதான் முழு வேலையும். மற்றதெல்லாம் கம்மும் கத்தரிக்கோலும்தான்.

நான் எனக்கு வைத்திருக்கிற கணக்கு இது: பிள்ளை தன் கையால் தொட்ட, வீட்டில் கண்ட, வயலில் மணந்த ஒரு பொருளில் இருந்து அட்டை தொடங்க வேண்டும். பெயரும் திகதியும் கீழே சின்ன எழுத்தில் வந்தால் போதும். மேலே பெரிய எழுத்தில் ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை அட்டையிலேயே இருக்கக் கூடாது, ஆனால் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கிடைக்க வேண்டும்.

உதாரணத்துக்கு வோலரை எடுங்கள். பிரெடரிக் வோலர், பிறந்தது 1800 ஜூலை 31. "சேதன இரசாயனவியலின் முன்னோடி" என்று எழுதினால் அது செத்த அட்டை. நான் எழுதியது இப்படி: "உங்கள் வீட்டில் யூரியாப் பை இருந்தால் அதில் 46 என்று ஒரு எண் இருக்கும். அது எங்கிருந்து வந்தது?" வாழைச்சேனை, வெல்லாவெளி, அம்பாறைப் பக்கம் வட்டைக்குள் (வயல்வெளியில்) காலம் போன குடும்பத்துப் பிள்ளைகள் என்றால் அந்தப் பையை மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வந்திருப்பார்கள். யூரியாவின் மூலர்த் திணிவு 60, அதில் இரண்டு நைதரசன் அணு 28, பிரித்துப் பார்த்தால் 46 சொச்சம் வீதம். 50 கிலோப் பையில் 23 கிலோதான் நைதரசன். பரீட்சையில் இந்தக் கணக்குக்கு ஐந்து புள்ளி கொடுத்தாலும் செய்யாத ஒரு பொடியன், அன்று வீட்டுக்குப் போய்ப் பையைப் பார்த்து, இதே கணக்கை மற்றப் பசளைப் பைகளுக்கும் செய்து கொண்டுவந்தான்.

அதற்குக் கீழே மூன்றே வரியில் வோலரின் கதை. 1828 இல் அமோனியம் சயனேற்றைச் சூடாக்கிய மனிசனுக்குக் கிடைத்தது யூரியா, அதாவது அதுவரை உயிருள்ளவற்றின் உடலில் மட்டும்தான் உண்டாகும் என்று நம்பிய ஒன்று. சிறுநீரகம் இல்லாமலே யூரியா செய்துவிட்டேன் என்று தன் குரு பெர்சீலியஸுக்குக் கடிதமும் போட்டார். அவ்வளவுதான். இதற்கு மேல் எழுதினால் வாசிக்க மாட்டார்கள், உங்களுக்கும் கை வலிக்கும்.

இன்னொன்று, வயது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எழுபது வயதுத் தாடிக்காரரின் படம் ஒட்டாது. வில்லியம் பேர்கின் பிறந்தது 1838 மார்ச் 12. அவர் 1856 இல் ஈஸ்டர் விடுமுறைக்கு வீட்டில் இருந்தபோது, மலேரியாவுக்குக் கொடுக்கிற குயினைனை ஆய்வுகூடத்தில் செய்து பார்க்கிறேன் என்று தொடங்கி, அது பிழைத்து, அடியில் மிஞ்சிய கறுப்பு அழுக்கைக் கழுவப் போன இடத்தில் ஊதா நிறச் சாயம் கண்டுபிடித்தவர். அப்போது வயது 18. அந்த அட்டையில் நான் படமே போடவில்லை, ஒரு துண்டு ஊதாத் துணியை மட்டும் குத்தி வைத்தேன், தொட்டுப் பார்க்காத பிள்ளை இல்லை. குயினைன் என்றால் என்னவென்று கேட்டவர்களுக்கு, "உங்கட அம்மம்மாட்டக் கேளுங்க" என்று சொல்லி அனுப்பினேன். இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே 2016 இல்தான், அதற்கு முந்திய தலைமுறையில் காய்ச்சலில் நடுங்காத ஆள் எங்கள் பக்கம் குறைவு.

திகதியைச் சரிபார்ப்பது

இனி அந்த மாணவி பிடித்த பிழை. ஆவர்த்தன அட்டவணை தந்த மென்டலீவுக்கு நான் ஒட்டியிருந்தது ஜனவரி 27. அவள் தேடிப் பார்த்தது பெப்ரவரி 8. இரண்டும் 1834. உண்மையில் இரண்டுமே சரிதான், அதுதான் சிக்கல். ரஷ்யாவில் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டி, மற்ற ஐரோப்பாவில் பெரும்பாலும் கிரெகோரியன். 19ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 12 நாள் வித்தியாசம். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் புத்தாண்டு பிறக்கிற நேரத்தை வேறு வேறாகச் சொல்ல, வீட்டில் எதைப் பார்த்து மருத்துநீர் வைப்பது என்று பெரியவர்கள் வாக்குவாதப்படுவார்களே, அதே கதைதான். பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் உடனே விளங்கும்.

ஆகவே ரஷ்ய ஆட்கள் வந்தால் இரண்டு திகதி இருக்கும் என்று எதிர்பாருங்கள். இங்கிலாந்தும் 1752 வரைக்கும் பழைய கணக்கில்தான் இருந்தது. ஒட்சிசனோடு பேர் சேர்ந்த ஜோசப் பிரீஸ்ட்லியை 1733 மார்ச் 13 என்றும் மார்ச் 24 என்றும் இரண்டு விதமாகப் போடுவதற்குக் காரணம் அதுதான், 18ஆம் நூற்றாண்டு என்பதால் வித்தியாசம் 11 நாள். ஒரு முறையைத் தெரிவு செய்து வருடம் முழுக்க அதிலேயே நில்லுங்கள். நான் புதிய கணக்கைப் போட்டு, பழையதைக் கீழே சின்னதாக எழுதுகிறேன்.

நாட்காட்டிப் பிரச்சினை இல்லாமலே திகதி பிசகுகிற ஆட்களும் உண்டு. ஆய்வுகூடத்தில் தினமும் பேர் சொல்லப்படுகிற றொபேர்ட் பன்சன் 1811 இல் பிறந்தது மார்ச் 30 ஆ 31 ஆ என்று புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். அணுப் பௌதிகவியலாளர் லீஸ மைட்னரின் பிறப்பு வியன்னாப் பதிவேட்டில் நவம்பர் 17, ஆனால் அவர் தன் வாழ்நாள் முழுக்கக் கொண்டாடியது நவம்பர் 7. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிப் போட்ட அப்பாமார் எத்தனை பேர், இதற்கு நாங்கள் ஆச்சரியப்படத் தேவையில்லை. நோபல் பரிசு எடுத்தவர்கள் என்றால் அந்தப் பரிசின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தைப் பாருங்கள், மற்றவர்களுக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடத்தில் ஒரே திகதி இருந்தால் ஒட்டுங்கள். வட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒட்டாதீர்கள். வருடம் மட்டும் கிடைக்கிற ஆளுக்கு வருடத்தை மட்டும் போடுங்கள்.

பெயர் எழுதுவதிலும் ஒரு தொல்லை. அமோனியா செய்கிற முறைக்குப் பழைய பாடநூல்களில் "ஏபர் முறை" என்று இருக்கும், பிள்ளை அதே எழுத்தில் தேடினால் ஒன்றும் வராது, "ஹேபர்" என்று தேடினால் வரும். பரீட்சைக்குப் பாடநூல் எழுத்து, தேடுவதற்கு மற்ற எழுத்து, ஆகவே அட்டையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

விடுமுறை என்ற பெரிய தலையிடி

பட்டியலைக் கையில் எடுத்ததும் உங்களுக்கு ஒன்று தெரியவரும்: நல்ல ஆட்கள் எல்லாரும் ஓகஸ்ட்டில் பிறந்திருக்கிறார்கள். அவகாதரோ ஓகஸ்ட் 9. மூலகங்களுக்கு எழுத்துக் குறியீடு கொடுத்த பெர்சீலியஸ் ஓகஸ்ட் 20. பிரெஞ்சு இரசாயனவியலாளர் லவோசியே ஓகஸ்ட் 26. ஏபர் முறையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்த கார்ல் பொஸ் ஓகஸ்ட் 27. பிரீஸ்ட்லி ஒட்சிசனைப் பிரித்ததும் 1774 ஓகஸ்ட் 1. வழமையான தவணை ஒழுங்கில் அந்த மாதம் பள்ளிக்கூடக் கதவு பூட்டு. டிசம்பரிலும் இதே கரைச்சல்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, ஆளின் பிறந்தநாளை விட்டுவிட்டு அவர் செய்த வேலையின் நாளைப் பிடிப்பது. மென்டலீவுக்கு பெப்ரவரி 8 தவறினால் மார்ச் 18 (பழைய கணக்கில் மார்ச் 6) இருக்கிறது, 1869 இல் அவருடைய ஆவர்த்தன அட்டவணை ரஷ்ய இரசாயனச் சங்கத்தில் முன்வைக்கப்பட்ட நாள். இரண்டு, இறந்த நாளைப் பிடிப்பது. லவோசியேயின் தலை கில்லட்டினில் போனது 1794 மே 8 இல், அது பள்ளிக்கூடம் நடக்கிற காலம், கதையும் பிள்ளைகளை நிறுத்தி வைக்கிற கதை. மூன்றாவது, வெட்கப்படாமல் "விடுமுறையில் பிறந்தவர்கள்" என்று ஒரே அட்டையில் செப்டெம்பர் முதல் கிழமை எல்லாரையும் போட்டுவிடுவது. எங்கள் வகுப்பில் ஓகஸ்ட்டில் பிறந்த பிள்ளைகளுக்கும் இதே கவலைதான், வகுப்பில் ரொபி கொடுக்க வாய்ப்பில்லை என்று, ஆகவே அவர்களையே அந்த அட்டைக்குப் பொறுப்பாக்கினேன்.

காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் பாடசாலையில் படிப்பிக்கிறீர்கள் என்றால் நோன்பு விடுமுறை வருடா வருடம் முன்னுக்கு நகர்ந்து வரும், அதனால் போன வருடத்து அட்டவணை இந்த வருடத்துக்குச் சரிவராது. திகதியே தேவைப்படாத அட்டைகள் நாலைந்து கைவசம் வைத்திருங்கள். பழங்கால முஸ்லிம் இரசாயன அறிஞர்களான ஜாபிர் இப்னு ஹையானுக்கும் அல் ராஸிக்கும் பிறந்தநாள் தேடி அலைய வேண்டியதில்லை. "அற்ககோல் என்ற சொல்லில் இருக்கிற 'அல்' எந்த மொழி?" என்று கேட்டாலே போதும், சுர்மா மையைக் குறிக்கிற அல்குஹ்ல் என்ற அரபுச் சொல்லில் போய் நிற்கும். அற்ககோலும் சுர்மாவும் ஒரே சொல் என்றதும் வகுப்பே சிரித்தது.

டிசம்பர் 26 ஐப் பற்றி ஒரு வார்த்தை. கியூரி தம்பதிகள் ரேடியத்தை அறிவித்தது 1898 டிசம்பர் 26. எந்தப் பட்டியலிலும் பெரிய எழுத்தில் இருக்கிற நாள். எங்கள் கரையில் அது கடல் வந்த நாள். அன்றைக்கு எதையும் "கொண்டாட" வேண்டாம், பலகையிலும் வேண்டாம், பள்ளிக்கூடக் குழுமத்திலும் வேண்டாம். மேரி கியூரிக்கு நவம்பர் 7 இருக்கிறது, பொலோனியத்தை அறிவித்த 1898 ஜூலையும் இருக்கிறது.

சில கிழமைகள் தானாகவே ஓடும்

நவம்பர் 7 கட்டாயம். 1867 இல் வார்சோவில் மேரி கியூரி, 1878 இல் வியன்னாவில் லீஸ மைட்னர், 1888 இல் திருச்சிக்குப் பக்கத்துத் திருவானைக்காவலில் சி.வி. இராமன், மூன்று பேருக்கும் ஒரே நாள். மேரி கியூரியை எல்லாருக்கும் தெரியும், அதனால் அவரை ஓரமாகப் போட்டுவிட்டு மைட்னரை நடுவில் வையுங்கள். யுரேனியக் கரு பிளக்கிறது என்பதைப் பரிசோதனையில் கண்டவர்கள் ஓட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும். அங்கே என்ன நடந்தது என்று விளக்கியவர்கள் மைட்னரும் அவருடைய சகோதரியின் மகன் பிரிஷும். மைட்னர் அப்போது நாசிகளுக்குத் தப்பி ஜெர்மனியை விட்டு ஓடியிருந்தார். 1944ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் ஹானுக்கு மட்டும் போனது. மைட்னருக்கு அதன் பிறகு 109ஆவது மூலகத்தில் பெயர் கிடைத்தது, மைட்னீரியம். இதில் ஒரு வேடிக்கை, ஹான் பிறந்தது 1879 மார்ச் 8, மகளிர் தினத்தில். அன்றைக்கு நான் போட்ட அட்டை: "இன்று ஓட்டோ ஹானின் பிறந்தநாள். ஆனால் படம் ஏன் இந்தப் பெண்ணுடையது?"

அந்த அட்டைக்கு எங்கள் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. ஹான் முதன்முதலில் பெயர் எடுத்தது 1905 இல், லண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டபோது. அவர் கையில் இருந்த பொருள் இலங்கையில் இருந்து போன தோரியனைற்று என்ற கனியத்தில் இருந்து எடுத்தது. அந்தக் கனியத்தை இங்கே கண்டெடுத்தவர், பிற்காலத்தில் கலை வரலாற்றுக்காக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி. அவர் தொழிலால் புவிச்சரிதவியலாளர். பிறந்தது 1877 ஓகஸ்ட் 22, பார்த்தீர்களா, அவரும் ஓகஸ்ட்.

பெப்ரவரி கடைசிக் கிழமையும் அப்படித்தான். 26 இல் எகிப்தில் பிறந்த அஹமட் சுவைல் (1946), தாக்கம் நடக்கும்போது அணுக்கள் அசைவதைப் பெம்ரோசெக்கன் (ஒரு செக்கனின் மிக மிகச் சிறிய பங்கு) அளவில் பிடித்துக் காட்டி 1999 இல் நோபல் எடுத்தவர். 28 இல் லைனஸ் போலிங் (1901), இரசாயனவியலுக்கும் சமாதானத்துக்குமாக இரண்டு நோபல். அதே 28 இல்தான் 1928 இல் இராமன் விளைவு. 1921 இல் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலம் என்று யோசிக்கத் தொடங்கிய ஆள் இராமன், ஆகவே அன்று பின்னேரம் கல்லடிக் கடற்கரைக்குப் போகிற பிள்ளைகளிடம், வாவித் தண்ணீர் ஏன் அந்த நீலமாக இல்லை என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பதில் நீளம், ஆனால் கேள்வி நல்லது.

மென்டலீவின் அட்டைக்குக் கேள்வி தேடி அலைய வேண்டாம். தான் கண்டிராத மூலகங்களுக்கு இடம் விட்டு, அவற்றுக்கு ஏக அலுமினியம், ஏக போரன், ஏக சிலிக்கன் என்று சமஸ்கிருத "ஏக" போட்டுப் பெயரும் வைத்தவர். முதலாவது 1875 இல் கலியமாக வந்தது. கலியத்தின் உருகுநிலை கிட்டத்தட்ட 30 பாகை செல்சியஸ். "இந்த உலோகத்தை எங்கள் வகுப்பறை மேசையில் மத்தியானம் வைத்தால் என்ன நடக்கும்?" மின்விசிறி வேலை செய்யாத வகுப்பறைகளில் விடை உடனே வரும்.

ஒக்டோபர் 23, மூல் நாள். ஒரு மூல் என்றால் 6.02 × 10²³ துணிக்கைகள் உள்ள அளவு. அமெரிக்காக்காரர் மாதத்தை முன்னுக்கு எழுதுவதால் 10/23 என்பது பத்தின் 23ஆம் அடுக்கு மாதிரித் தெரியும், அதுவும் 6.02 மணிக்குக் கொண்டாட வேண்டும். நாங்கள் 23/10 என்று எழுதுகிற ஆட்கள், காலை 6.02 க்குப் பேருந்துக்கு நிற்கிற நேரம். பரவாயில்லை, பின்னேர ரியூசனில் 6.02 க்கு ஒரு நிமிடம் நிறுத்துங்கள். தராசு ஒன்றைக் கடையில் இரவல் வாங்கி உப்பு 58.5 கிராம், சீனி 342 கிராம், இரும்பு ஆணி 56 கிராம், தண்ணீர் 18 மில்லிலீற்றர் அளந்து வரிசையாக வையுங்கள். எல்லாவற்றிலும் துணிக்கை எண்ணிக்கை ஒரே அளவு என்றதும், சீனிக் குவியலையும் ஒரு மேசைக்கரண்டியைவிடக் கொஞ்சம் கூடின தண்ணீரையும் மாறி மாறிப் பார்க்கிற முகங்களுக்காகவே செய்யலாம். ஒரு எச்சரிக்கை: பழைய குறிப்புகளில் மூலுக்கு 12 கிராம் காபன்-12 வரைவிலக்கணம் இருக்கும். 2019 மே 20 இல் இருந்து அது மாறிவிட்டது, 6.02214076 × 10²³ என்ற எண்ணையே நேரடியாக வைத்துத்தான் இப்போது மூலை வரையறுக்கிறார்கள். இந்த எண்ணுக்குத் தன் பேர் வைக்கப்பட்ட அவகாதரோ, தன் வாழ்நாளில் அதைக் கண்டதே இல்லை என்பதையும் எழுதுங்கள்.

தமிழில் இரசாயனம் எழுதியவர்களுக்கும் இடம் விடுங்கள்

ஒக்டோபர் 10 இல் இரண்டு பேர். ஒருவர் ஐதரசனைத் தனி வாயுவாக அறிந்த ஹென்றி கவண்டிஷ் (1731), ஆட்களோடு பேசவே கூச்சப்பட்ட பணக்காரர். மற்றவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822), மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர். இரசாயனத்தைத் தமிழில் தந்த அவருடைய "கெமிஸ்தம்" 1875 இல் வந்தது. கலியம் கண்டுபிடித்த அதே வருடம். இந்த இரண்டையும் ஒரே அட்டையில் போட்டுப் பாருங்கள், தமிழில் விஞ்ஞானம் படிப்பது நேற்று வந்த வழக்கம் என்று நினைக்கிற பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள்.

மார்ச் கடைசிக் கிழமை பன்சன் வருகிறார் என்றேனே, அதே கிழமையில் 27ஆம் திகதி காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகள். யாழ் நூல் எழுதியவர் என்று எல்லாருக்கும் தெரியும். துறவியாவதற்கு முன் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் இரசாயனவியல் படிப்பித்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1930களில் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திலும் முன்னுக்கு நின்றவர். அட்டையில் பன்சன் சுடரடுப்பின் படம் ஒன்று, பக்கத்தில் அடிகள். பேச்சுப்போட்டிக்கு மட்டும் அவரை மனப்பாடம் செய்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள்.

சிதம்பரத்தில் 1952 இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், கலத்துக்குள் புரதம் செய்கிற றைபோசோமின் கட்டமைப்புக்காக 2009 இல் இரசாயனவியல் நோபலைப் பகிர்ந்தவர். பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் எடுத்துவிட்டு உயிரியலுக்குப் போனவர், அதனால் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளை இந்தப் பலகைப் பக்கம் இழுக்க இவரைவிட நல்ல ஆள் கிடையாது.

டிசம்பர் 9, இதற்கு மட்டும் இரண்டு அட்டை

ஒரே நாளில் பிறந்த இரண்டு பேர். 1742 இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, மருந்துக்கடை வேலைக்காரர், 1774 இல் குளோரீனை முதலில் செய்து பார்த்தவர். 1868 இல் பிரிட்ஸ் ஏபர். காற்றில் இருக்கிற நைதரசனை ஐதரசனோடு, ஊக்கி ஒன்று வைத்து, கூடிய அமுக்கத்தில் சேர்த்து அமோனியா எடுத்தவர். அந்த அமோனியாவில் இருந்துதான் நீங்கள் தலையில் போட்டுவந்த யூரியா. டிசம்பர் தொடக்கத்தில் பெரும்போக வயலுக்குப் பசளை போடுகிற நேரம் இது, போடியாருக்கும் (வயல் சொந்தக்காரருக்கும்) முல்லைக்காரருக்கும் (வயல் பார்க்கிறவருக்கும்) ஏபர் யாரென்று தெரியாது, ஆனால் 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினபோது அந்த மனிசன் இல்லாத வயல் எப்படி இருக்கும் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

அதே ஏபர்தான் 1915 ஏப்ரல் 22 இல் பெல்ஜியத்தில் ஈப்ர என்ற இடத்தில் ஜெர்மன் படை குளோரீன் வாயுவைத் திறந்துவிட முன்னுக்கு நின்று வேலை பார்த்தவர். தன்னோடு ஒரே பிறந்தநாள் கொண்ட ஷீலே கண்ட வாயு. மூன்று வருடம் கழித்து, 1918ஆம் ஆண்டுக்கான நோபலும் அமோனியாவுக்காக அவருக்கே. இதை ஒரு பக்கமாக எழுதாதீர்கள். பசளை அட்டை ஒன்று, வாயு அட்டை ஒன்று, இரண்டையும் அருகருகே மாட்டுங்கள், நடுவில் தீர்ப்பு எழுத வேண்டாம். குளோரீன் அட்டையின் அடியில் நான் சேர்த்த கேள்வி: "வெள்ளம் வடிந்த பிறகு பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கிணற்றுக்குள் போட்ட தூளில் இருந்த மணம் எது?" சுவாமி அறை மாதிரி அமைதியாக இருந்தது அந்தப் பலகைக்கு முன்னால்.

பள்ளிக்கூடம் டிசம்பர் முதல் கிழமையோடு மூடுகிற வருடம் என்றால் நவம்பர் கடைசியிலேயே மாட்டிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இந்த அட்டைகளைப் பார்த்து ஆர்வம் வந்த பிள்ளை கழிப்பறை கழுவுகிற அமிலத்தையும் வெளிற்றும் தூளையும் கலந்து "ஷீலேட பரிசோதனை" செய்யப் பார்க்கும். அது குளோரீன், மூடின அறையில் ஆளைக் கொல்லும். அட்டையிலேயே சிவப்பில் எழுதுங்கள். செய்து காட்டக்கூடியது பன்சன் கிழமையில் சுவாலைச் சோதனை, அதுவும் ஆசிரியர் நிற்கும்போது ஆய்வுகூடத்தில். உப்புக் கறி பொங்கி வழிந்து காஸ் அடுப்பில் விழும்போது சுவாலை ஏன் மஞ்சளாகிறது என்ற கேள்வியை வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், அதற்கு ஒன்றையும் கலக்கத் தேவையில்லை. சோடியம், அவ்வளவுதான்.

கம், மை, கறையான்

பிரிஸ்டல் போர்டை முழுதாக வாங்கி நாலாக வெட்டுங்கள், ஒரு அட்டைக்கு அது போதும். மார்க்கருக்குப் பதிலாக பெர்மனன்ட் மார்க்கர், விலை கொஞ்சம் கூட, ஆனால் ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரைக்கும் ஈரக் காற்றில் மற்றது நிற்காது. லமினேற் பண்ணக் காசு இல்லையென்றால் கொப்பி உறை போடுகிற பொலித்தீன் போதும், நாலு பக்கமும் ரேப் ஒட்டி, கீழ்ப் பக்கத்தில் மட்டும் சின்ன இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் உள்ளே வேர்த்து அட்டை ஊதிவிடும். சுவரில் கம் பூசி ஒட்டாதீர்கள். அதிபருக்கும் பிடிக்காது, சுண்ணாம்பும் கழன்று வரும். இரண்டு ஆணி, ஒரு நைலோன் கயிறு, உடுப்புக் காயப்போடுகிற கிளிப் நாலு, இதுதான் என் பலகை. மாற்றுவதற்கு அரை நிமிடம்.

பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஆனால் "விஞ்ஞான மன்றம்" என்று பொதுவாகக் கொடுத்தால் எல்லாரும் சேர்ந்து ஒருவரும் செய்ய மாட்டார்கள். தரம் 12 இடாப்பில் பிறந்தநாள் இருக்கிறது. எந்தப் பிள்ளையின் பிறந்தநாள் எந்த அட்டைக்குக் கிட்ட வருகிறதோ அந்த அட்டை அந்தப் பிள்ளைக்கு. தேடுவது, சரிபார்ப்பது, எழுதுவது, கிளிப் குத்துவது எல்லாம் அவர்தான், கேள்வியை மட்டும் மாட்டுவதற்கு முதல் உங்களிடம் காட்ட வேண்டும். பிழை திகதி போனால் அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ஒரு ரொபி. போன வருடம் எனக்கு ஏழு ரொபி செலவு.

கழற்றிய அட்டைகளை எறிய வேண்டாம், பின்பக்கத்தில் எந்த வருடம் மாட்டியது, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று பென்சிலால் எழுதி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். கீழ்த் தட்டில் வைத்த என் முதல் வருட அட்டைகளில் மென்டலீவ் உட்பட முப்பது பேரைக் கறையான் தின்றுவிட்டது.